நான் விழுந்தது குளியலறையில் அல்ல

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டியதில்லை. காலையில்தான் போனில் கேட்டேன். நீ நலம் என்றாய், நானும் நலம் என்றேன். சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன், எடை எவ்வளவு என்று நீ கேட்டாய். எண்பத்தாறு என்றதும் உனக்குக் குரலே மாறிவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே வெள்ளிக்கிழமை மதுரை வருவதாகச் சொன்னாய். திரும்பிப் போகும்போது எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருப்பதாகவும், இனிமேல் அம்மா புனேயில் உன்னோடுதான் இருக்கவேண்டும் என்றும், துணிமணிகளை எடுத்து வைக்கும்படியும் சொன்னாய். உன் அப்பாவுக்கு டிக்கெட் போட்டாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. போனை வைத்தேன். பிறகு பேப்பரும் பேனாவும் எடுத்தேன். முப்பத்தோரு வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து எழுதிய கை இது. ஒரு உண்மையை எழுத இவ்வளவு கூசுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் எனக்குத் தைரியம் போய்விடும். ஆபரேஷன் ஆன ஏழாவது வாரம் என் இடுப்பு மூட்டு விலகியதே, அது குளியலறையில் வழுக்கி விழுந்ததால் விலகவில்லை. அன்றைக்கு நம் குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. நான் வீட்டிலேயே இல்லை. உன் அப்பா என்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் போகவும் இல்லை. எந்தக் காரணத்துக்காக இரண்டரை மாதமாக நீ அவரோடு பேசாமல் இருக்கிறாயோ, அது நடக்கவே இல்லை. அந்தப் பொய்க்கு நான்தான் பொறுப்பு. இப்போது அந்தப் பொய்யை வைத்து நீ என்னை அவரிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போக வருகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், நானும் வழக்கம்போல மிச்சத்தை முழுங்கிவிடுவேன்.

என் எடையிலிருந்து சொன்னால்தான் இது உனக்குப் புரியும். நீ கல்லூரிக்குப் போன நாளிலிருந்து என் உடம்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். சொன்னதில் தப்பில்லை. ஆனால் உனக்கு அது ஒரு வியாதி, எங்களுக்கு அது வியாதியாக ஆரம்பிக்கவில்லை. என் அம்மாவும் அக்காவும் எழுமலைப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். நான் படிக்கவேண்டும் என்பதற்காக உன் பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று காட்டு வேலைக்குப் போனாள். எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருஷம் கழித்து, கன்னம் உப்பி, கை திரண்டு ஊருக்குப் போனேன். அவள் என் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, தெருவில் போகிறவளையெல்லாம் கூப்பிட்டு, "பாருங்கடி, இது அம்புட்டும் கவர்மெண்டு சதை" என்று காட்டினாள். அவள் கை அப்போதே அகப்பைக் காம்பு மாதிரி இருந்தது. அவள் தின்னாமல் விட்டதெல்லாம் என் உடம்பில் வந்து சேர்ந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு பெருமை, எனக்கும்தான். அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்த வேலை, நாலு மணி வடை, வீட்டுக்கு வந்தால் மிச்சம் மீதியை வீணாக்கக்கூடாது என்று வழித்துச் சாப்பிடுவது. அறுபது எழுபதாயிற்று, எழுபது தொண்ணூறாயிற்று. மாடிப்படி ஏறும்போது வலது இடுப்பில் பிடித்த வலியை வாயு என்று சொல்லியே நாலு வருஷம் ஓட்டினேன்.

டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னால் பத்து கிலோ குறைக்கச் சொன்னார். காயம் ஆறுவதற்கும், புது மூட்டு நிற்பதற்கும், எழுந்து நடப்பதற்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் நல்லது என்றார். நீ அதற்காகவே எடை மெஷின் வாங்கி அனுப்பினாய். வாராவாரம் நான் அதில் ஏறி நின்று போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன் அல்லவா, அப்போதெல்லாம் இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான் நின்றேன். உனக்குக் காட்டியது எண்பத்தாறு, ஆஸ்பத்திரி மெஷின் காட்டியது தொண்ணூற்றொன்று. உன் அப்பா பக்கத்தில் நின்று இரண்டையும் பார்த்தவர். வாயைத் திறக்கவில்லை. நீ சின்ன வயதில் மார்க் ஷீட்டை என்னிடம் காட்ட எப்படிப் பயந்தாயோ அப்படித்தான் நானும் உனக்குப் பயந்தேன். இதைக் கேட்டு உனக்குக் கோபம் வரும். ஆனால் இந்த வீட்டில் உன் கோபத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று நீ ஒருநாளாவது தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். ஹார்லிக்ஸ், ஆப்பிள், பிஸ்கட் இவற்றோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எலும்பு கூடவேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்கில் கொண்டுவந்தார்கள். உன் அப்பா ஒருநாள் பொறுக்கமுடியாமல், "உள்ள வச்சிருக்கது இரும்பு. அதுக்கு எதுக்கு சூப்பு? வேணும்னா கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குடித்தேன். கொண்டுவந்தவள் மனசு நோகும் என்று ஒரு சாக்கு. படுத்தே கிடந்து தின்றதில் ஆறு வாரத்தில் தொண்ணூற்றுநாலு, அதை மட்டும் உனக்கு மறைக்கவில்லை. கோரிப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து எனக்குப் பயிற்சி கொடுக்கிற பர்வீன், உன்னைவிடச் சின்னப் பெண், கண்டிப்பில் உனக்கு மேல். காலைக் குறுக்கே போடாதீர்கள், முழங்கால் இடுப்புக்கு மேலே வருகிற மாதிரி தாழ உட்காராதீர்கள், குனிந்து எதையும் எடுக்காதீர்கள் என்று தினமும் ஒப்பிக்கச் சொல்வாள். தரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் நின்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வாள்: "தரைன்னு ஒண்ணு இருக்கதையே மறந்துருங்கம்மா."

ஏழாவது வாரம் எழுமலையில் உன் பெரியப்பா, அக்கா வீட்டுக்காரர், இறந்த செய்தி வந்தது. உனக்குச் சொன்னோம். நீ உடனே, அம்மா போகக்கூடாது, அப்பா மட்டும் போய்விட்டு வரட்டும் என்றாய். சரி என்று போனை வைத்தேன். ஆனால் தம்பி, புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி என்று ஒன்று உண்டு. பிறந்த வீட்டார் ஒரு புதுச் சேலை கொண்டுபோய் அவள் தோளில் போடவேண்டும். அக்காவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான். எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள், கோடி இல்லாமல் அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருக்கலாமா? நான் உன் அப்பாவிடம் இதைக்கூட விளக்கிச் சொல்லவில்லை. போகணும் என்றேன். அவர் பர்வீனுக்குப் போன் போட்டுக் கேட்டார். அவள் சொன்னபடி வாடகைக் காரில் முன் சீட்டைச் சாய்த்து, தலையணை வைத்து, நம் வீட்டு உயர நாற்காலியைப் பின்னால் ஏற்றிக் கட்டினார். செக்கானூரணியில் ஒரு தடவை, உசிலம்பட்டியில் ஒரு தடவை காரை நிறுத்தி என்னை இறக்கிப் பத்து எட்டு நடக்கவைத்தார். கேத வீட்டில் அந்த நாற்காலியை நிழலாகப் பார்த்துப் போட்டு என்னை உட்காரவைத்து, "அரை மணி நேரந்தான். கீழ குனியாத" என்று சொல்லிவிட்டு ஆண்கள் இருந்த பந்தலுக்குப் போனார். ஒரு மனிதர் இதற்கு மேல் என்ன செய்யமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் எல்லாரும் தரையில் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் மட்டும் நாற்காலியில், பார்வையிட வந்த அதிகாரி மாதிரி. அழுகைகூட வரவில்லை. அந்த உயரத்தில் உட்கார்ந்து எப்படி அழுவது? கோடி போடுகிற நேரம் வந்தது. வாக்கரைப் பிடித்தபடி எழுந்துபோய், நின்ற நிலையிலேயே அக்கா தோளில் சேலையைப் போடப் பார்த்தேன். கை எட்டவில்லை, சேலை அவள் மடியில் போய் விழுந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "ஏத்தா, மேல இருந்து எறியிற. பிச்ச போடுற மாதிரி இருக்கு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "நீ உக்காராத பாப்பா. காலு போயிரும்" என்றாள். இதை நீ நன்றாகக் கவனிக்கவேண்டும். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் வாக்கரை விட்டுவிட்டு இரண்டு பெண்களின் தோளைப் பிடித்துத் தரையில் இறங்கினேன். சேலையை எடுத்து அவள் தோளில் சுற்றி அவளைக் கட்டிக்கொண்டேன். என் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் அப்படி அழுதாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எங்கேயும் வலியே இல்லை.

எழுந்திருக்கும்போதுதான் போயிற்று. முன்னால் சாய்ந்து கையை ஊன்றி உந்தினேன். உள்ளே ஏதோ நழுவியது. அடுத்த நொடி வலது கால் உள்பக்கம் திரும்பிக் குட்டையாகக் கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் பறைகூட நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்ததும் என்னைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. உன் பெரியப்பாவைத் தூக்க நாலு பேரே அதிகம். அவரை எடுக்கவிடாமல் வாசலை அடைத்துக்கொண்டு என்னை ஏற்றினார்கள். அந்த அவமானத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூனிக் குறுகிப் போகிறது. கவர்மெண்டு சதை என்று பெருமைப்பட்ட அதே ஊர் அன்றைக்கு மூச்சு வாங்கியது. உன் அப்பா பந்தலிலிருந்து ஓடிவந்தவர் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. மதுரை வரும்வரை என் தலைப்பக்கம் உட்கார்ந்து, பள்ளம் மேடு வரும்போதெல்லாம் என் இடுப்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மூட்டை இழுத்து மறுபடி பொருத்தினார்கள். ஏழு வாரமாக நடந்து சேர்த்ததெல்லாம் போய், காலுக்கு நடுவில் தலையணையோடு முதலிலிருந்து.

மறுநாள் நீ கூப்பிட்டாய். போனை ஸ்பீக்கரில் போட்டு உன் அப்பாதான் என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். மூட்டு விலகிவிட்டது என்றதும், எப்படி ஆனது என்று கேட்டாய். உன் வீட்டிலும் ஸ்பீக்கர் போட்டிருந்தது, மருமகளின் குரலும் கேட்டது. போகாதே என்று நீ சொல்லியும் போனேன் என்பதை அவள் காதில் விழச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நீ எழுமலைக்காரர்களைப் பேசுவாய், அக்காவைப் பேசுவாய் என்ற பயமும் இருந்தது. ஆனால் முதல் பயம் உன்னைப் பற்றித்தான். "பாத்ரூம்ல..." என்று இழுத்தேன். மிச்சத்தை நீயே கட்டினாய். "அப்பா கேதத்துக்குப் போயிட்டாரா? உன்னத் தனியா விட்டுட்டா? குளிச்சிட்டுத் தண்ணியக்கூடத் தள்ளாமயா போனாரு?" நான் 'ம்' என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த ஒரு எழுத்தை எத்தனையோ தடவை திரும்ப வாங்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்புறம் நீ அவரிடம், ஒரு மனுஷியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாவிட்டால் சொல்லிவிடுங்கள், நான் கூட்டிப்போகிறேன் என்றாய். அவர், "சரிப்பா" என்றார். போனை அணைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். முதலில் எழுந்து நட, அப்புறம் பார்க்கலாம் என்றார்.

இது முதல் தடவை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ எட்டாவது படிக்கும்போது பள்ளியில் ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். அப்பா விடவில்லை என்று நீ இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாய். அவர் போகட்டும் என்றுதான் சொன்னார். மலைப்பாதையை நினைத்துப் பயந்தவள் நான். உன்னிடம், "அப்பா வேணாம்னுட்டாரு" என்றேன். நீ பத்து நாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. என்னவென்று அவர் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். சிரித்தார். "சரி விடு. யாராச்சும் ஒரு ஆளு கெட்டவனா இருந்தாத்தான வீடு நடக்கும்" என்றார். சைக்கிளுக்கும் அப்படித்தான், வேறு ஊர்க் கல்லூரிக்கும் அப்படித்தான். எதையெல்லாம் என் வாயால் மறுக்க எனக்கு மனமில்லையோ அதையெல்லாம் அவர் தலையில் போட்டு மறுத்தேன். உனக்கு நான் நல்ல அம்மாவானது அந்த வகையில்தான். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், மருமகளும் நீயும் மறுப்பதை அவரவர் வாயால் மறுத்துக்கொள்ளுங்கள். அது கொஞ்சம் கசக்கும். எங்கள் வீட்டில் நடந்ததைவிட அந்தக் கசப்பு தேவலை.

இந்த எண்பத்தாறு சுவரைத் தொடாமல் நின்ற எண்பத்தாறு. தொண்ணூற்றுநாலிலிருந்து இறக்கியது நான் இல்லை, உன் அப்பா. சமையலை அவர் எடுத்துக்கொண்டார். சூப்புத் தூக்கோடு வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, டாக்டர் கட்டளை என்று தானே வாங்கிக் குடித்துவிட்டு அனுப்புகிறார். எனக்குக் கொள்ளு ரசம், கீரை, டம்ளரால் அளந்த சோறு. முதலில் அழுதேன், தட்டைத் தள்ளினேன், பசியில் அவரைக் கண்டபடி பேசினேன். வெயில் ஏறுமுன் தெருவில் நடக்கவைக்கிறார். நான் வாக்கரோடு முன்னால், அவர் உயரமான ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால். தல்லாகுளத்தில் நம் தெரு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. டீக்கடைக்காரர் ஒருநாள், "என்னண்ணே, ஸ்டூலும் கையுமா?" என்று கிண்டல் செய்தார். "வீட்டம்மா சிம்மாசனம்ண்ணே, கீழ வைக்க முடியாது" என்றார் இவர். இப்போது வாக்கர் போய்க் கைத்தடி வந்திருக்கிறது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று இன்னும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் ஏறி இறங்குகிறேன். ஒரு நாளைக்கு நாலு படி. மறுநாள் இரண்டுதான் முடியும். இவ்வளவு பொறுமை எங்கிருந்து எடுப்பது என்று சில நாள் அலுத்து, அப்படியே படுத்துவிடலாம் போல இருக்கிறது. அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடுவார், எழுந்து போகாமல் இருக்கமுடியாது.

இன்னொன்றும் செய்கிறார். நீ அப்படிப் பேசிய நாளிலிருந்து தினமும் மூன்று வேளை குளியலறைத் தரையைப் பழைய துண்டால் துடைக்கிறார். அவருக்கும் முழங்கால் வலி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூலை மூலையாகத் துடைத்துவிட்டு, காய்ந்துவிட்டதா என்று உள்ளங்காலை வைத்துப் பார்க்கிறார். நான் விழாத இடம் அது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஏன் துடைக்கிறீர்கள் என்று கேட்டால், "அவன் சொன்னது நல்லதுக்குத்தான" என்கிறார். படுக்கையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது, தம்பி, ஆபரேஷன் வலியைவிடக் கொடுமை.

அதனால் வெள்ளிக்கிழமை நீ வா, ஆனால் நான் உன்னோடு வரவில்லை. எனக்குப் புனே பிடிக்காது என்றோ உன்மேல் வருத்தம் என்றோ நினைக்காதே. நீ என்மேல் வைத்திருக்கிற அக்கறை பெரிது. நீ போனில் பார்த்துக்கொள்கிறாய், அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார், இரண்டும் எனக்கு வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை விரட்டவேண்டாம். எழுமலைக்குப் போனது தப்பு என்று நீ சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் மறுபடி வந்தால் உட்காரமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க என்னால் முடியாது. பெரியம்மா தினமும் போன் செய்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு அழுகிறாள். அவளையும் ஒன்றும் சொல்லாதே. உன் வயிறும் முன்னால் தள்ளுகிறது, வீடியோவில் பார்த்தேன். எனக்குச் சொல்கிறதில் பாதியையாவது நீ செய்.

இவ்வளவையும் எழுதிவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கிழிச்சுப் போடு" என்றார். "இப்பத்தான் எடை எறங்கி நடக்க ஆரம்பிச்சிருக்க. அவன் உன்கிட்ட மூஞ்சியத் தூக்குனா நீ தாங்க மாட்ட. என்மேலயே கோவமா இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பழக்கந்தான்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதைக் கேட்டபிறகுதான் இதைக் கட்டாயம் அனுப்பவேண்டும் என்று முடிவு செய்தேன். நாளைக் காலை பர்வீன் வந்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவருக்குச் செய். உன் பெயரைப் பார்த்ததும் எடுக்கத் தயங்குவார். விடாமல் இரண்டாவது தடவையும் அடி.

அம்மா